பன்னுக்கு முகம்

மார்ச் 4

மருமகளுக்கு,

போன்ல பேசினா எனக்குப் பாதி காதுல விழாது, விழுந்த பாதியும் தப்பா விழும்னு உனக்குத் தெரியும். அதான் எழுதுறேன். உன் அக்காவோட புது வீட்டு விலாசத்தை முட்டைக்காரம்மாகிட்ட வாங்கினேன். அவங்ககிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கே, என்கிட்ட கொடுக்கல. சரி.

விஷயத்துக்கு வர்றேன். நீ போனதுலேருந்து பன் வெளுத்துப்போய் வருது. மாவு அதே மாவு, அடுப்பு அதே அடுப்பு, பிசையுற கையும் இதே கைதான். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கு, நானே பிச்சுப் பார்த்தேன். மேலே பார்த்தா காய்ச்சல்ல படுத்து எழுந்த ஆள் மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் தட்டைப் பார்த்துட்டு, வேகலையான்னு சைகையில கேட்டார். பிச்சுக் காட்டினேன். தின்னுட்டு நல்லாத்தான் இருக்குன்னார். நாளையிலேருந்து பாதி போதும்னும் சொல்லிட்டுப் போனார்.

நானும் ஒரு முட்டையை அடிச்சுத் தடவிப் பார்த்தேன். ஒரு இடம் கறுப்பு, ஒரு இடம் வெள்ளை, தேமல் வந்த மாதிரி. நீ எப்படிப் பண்ணுவேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. அது எனக்கு முதுகுப் பக்கம் நடந்த வேலை. நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு நிப்பேன், பின்னாடியிருந்து தட்டு வரும், உள்ளே தள்ளுவேன். அவ்வளவுதான் தெரியும்.

எப்படின்னு எழுது. உன்னைத் திரும்பி வான்னு கூப்பிட இதை எழுதல. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதே. என் பையன்கிட்டேருந்து எனக்கும் தகவல் எதுவும் இல்லை.

பாப்பாவோட மழைக்கோட்டு இங்கேதான் ஆணியில தொங்குது. யாராவது அந்தப் பக்கம் வந்தா கொடுத்து விடுறேன்.

மாமா


மார்ச் 13

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முட்டையை வெறுமனே அடித்துத் தடவினால் வெள்ளைக்கரு சளி மாதிரி அங்கங்கே திரண்டு நிற்கும். அதுதான் உங்கள் தேமல். ஒரு முட்டைக்கு ஒரு ஸ்பூன் பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து, வடிகட்டி, கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிடுங்கள். உப்பு அந்த வழவழப்பை உடைத்துத் தண்ணீராக்கிவிடும். பன்னை உருட்டித் தட்டில் வைத்ததும் மெல்லிசாக ஒரு தடவை. உப்பி வந்தபின், அடுப்புக்குப் போகும் முன், இன்னொரு தடவை. மஞ்சள்கரு மட்டும் தடவினால் நிறம் தூக்கலாக வரும். வெள்ளைக்கரு மட்டும் என்றால் பளபளப்பு வரும், நிறம் அவ்வளவாக வராது. இரண்டும் வேண்டும் என்றால் முழு முட்டை. நீங்கள் பின்னால் கையை நீட்டித் தட்டைக் கேட்பதற்குள் அந்த இரண்டாவது தடவையை முடிக்க நான் என்ன பாடு பட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கடையில் இந்த வேலைக்கு ஒரு பேர்கூடக் கிடையாது. யாராவது கேட்டால், மருமகள் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறாள் என்பீர்கள்.

குழப்பிக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் மகன் துறைமுகத்துப் பக்கம் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார் என்று நான் வந்து சொன்ன அன்றைக்கும் நீங்கள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சத்தமாகத்தான் சொன்னேன். உங்கள் காதில் நன்றாகவே விழுந்தது. "பொறுத்துப் போ, வந்துடுவான்" என்றீர்கள். உங்கள் முதுகு சொன்னது என்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, முகத்தை நான் பார்க்கவில்லை.

பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. மழைக்கோட்டு பாப்பாவுக்கு இனிமேல் பத்தாது.

பாப்பாவின் அம்மா


மார்ச் 26

மருமகளுக்கு,

அவசியம் இல்லைன்னுதான் எழுதியிருந்தே. அவசியம் இருக்கு.

நீ சொன்னபடி உப்பு போட்டேன், வடிகட்டினேன். பன் நல்லா வந்துச்சு. செம்பு நிறம். தெருவுல போறவங்க கண்ணாடிக்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போறாங்க. ஆனா பிரெட்டு அச்சை விட்டு வர மாட்டேங்குது. மேஜை ஓரத்துல தட்டித் தட்டி எடுத்தேன், பக்கவாட்டுத் தோல் அச்சோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கு. எள்ளு போட்டேன். கடையிலேருந்து வாசப்படி போறதுக்குள்ள எல்லாம் கொட்டிப்போச்சு. கூட்டிப் பெருக்குறதே ஒரு வேலையா இருக்கு.

தையல்கடைக்காரம்மா முட்டை சேர்க்காதவங்க. அவங்களுக்கு நீ எதையோ தடவிக் கொடுப்பியாமே. தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துட்டுப் போறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது?

இன்னொண்ணும் எழுதியிருந்தே. நான் சொன்னது என் வாயாலதான் சொன்னேன், முதுகால இல்ல. பெத்தவன் வேற என்ன சொல்லுவான்னு நீ ஒரு நாள் யோசிச்சுப் பார்க்கலாம். கட்டாயம் இல்ல.

மாமா


ஏப்ரல் 7

மாமாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

பிரெட்டுக்கு மேலே மட்டும்தான் தடவ வேண்டும். முட்டை பக்கத்தில் வழிந்து அச்சைத் தொட்டால் பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பிடித்த பக்கம் மாவு ஏறாது, விட்ட பக்கம் மட்டும் ஏறும். பிரஷை முக்கியதும் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு தரம் வழித்துவிடுங்கள். எந்த பிரஷ் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். தகர டப்பாவில் இருக்கும் விறைப்பான பிரஷ் தட்டு துடைப்பதற்கு. அதால் தடவினால் உப்பின மாவு அமுங்கிப்போகும். மெத்தென்ற முடி வைத்தது மேல் அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது.

எள்ளை ஈரம் காய்வதற்குள் போட வேண்டும். நீங்கள் எல்லாத் தட்டுக்கும் தடவி முடித்துவிட்டு நிதானமாக வந்து தூவியிருப்பீர்கள். ஒரு தட்டு தடவியதும் அந்தத் தட்டுக்குத் தூவிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அடர்த்தியாக வேண்டும் என்றால் ஒரு ஈரத்துணியில் பன்னின் தலையை ஒத்தி, எள் பரப்பிய தட்டில் கவிழ்த்து எடுத்தாலும் போதும்.

தையல்கடை அக்காவுக்குப் பன் மேல் பால் தடவுங்கள். பளபளக்காது, ஆனால் கண்ணுக்கு இதமான பழுப்பு வரும். வெந்து வந்ததும் சூட்டோடு சூடாக வெண்ணெய் தடவினால் தோல் மெத்தென்று இருக்கும். பிரெட்டு கேட்டால், கொஞ்சம் சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, ஆறவைத்து, அடுப்பில் போடும் முன் ஒரு தடவை, எடுத்ததும் ஒரு தடவை. முட்டையைத் தொட்ட பிரஷால் தொடாதீர்கள். அவர் நம்பி வாங்குகிறார்.

இங்கே ஒரு கேக் கடையில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். வாசனையை வைத்து, இன்றைக்கு அடியில் கருகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். சொல்வதில்லை.

உங்கள் கவரை மோந்து பார்த்துவிட்டு, தாத்தா வந்திருக்காரா என்று பாப்பா கேட்டாள். ஈஸ்ட் வாசனை. இல்லை என்று சொன்னேன்.

பாப்பாவின் அம்மா


மே 9

மருமகளுக்கு,

பிரெட்டு அச்சுலேருந்து வழுக்கிக்கிட்டு வருது. தையல்கடைக்காரம்மாவுக்குத் தனி பிரஷ், தனிக் கிண்ணம், நூல் கட்டி அடையாளம் வச்சிருக்கேன். கேன்டீன்காரர் பழைய அளவுக்கு வந்துட்டார். என்ன மாத்தினீங்கன்னு கேட்டார். மருமக லெட்டர் போட்டான்னு சொன்னேன். அவருக்குப் புரியல.

இப்ப எழுதப் போறதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மூணு தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

அவன் வந்துட்டான். போன வாரம், ஒரு பெட்டியோட, தனியா. மாடி அறையில இருக்கான். அங்கே எல்லாம் முடிஞ்சுபோச்சாம். யாரு முடிச்சதுன்னு நான் கேக்கல. சாப்பிடுறான், தூங்குறான், ஜன்னல்கிட்ட நின்னு தெருவைப் பார்க்குறான். என்னை உனக்கு எழுதச் சொன்னான், நீயும் பாப்பாவும் கிளம்பி வரணும்னு. உன் விலாசத்தையும் கேட்டான்.

அவன் கேட்டான்னு எழுதிட்டேன். நீ வரணும்னு நான் எழுதல. விலாசமும் கொடுக்கல.

மாமா


மே 20

மாமாவுக்கு,

விலாசம் கொடுக்காததற்கு நன்றி.

நான் வரமாட்டேன். இது கோபத்தில் எழுதுவது இல்லை. கோபமெல்லாம் ஆறிப்போய் ரொம்ப நாளாகிறது. போகும்போது அவர் என்னிடம் ஒன்று சொன்னார். யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. "உன் கையில எப்பப் பாரு முட்டை கவிச்சை" என்றார். அந்த நாற்றத்தில் வந்த வருமானத்தில்தான் அவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதையும் நான் திருப்பிச் சொல்லவில்லை, எலுமிச்சம்பழம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

உங்கள் மகன் உங்கள் வீட்டில் எங்கே படுப்பார், எவ்வளவு நாள் இருப்பார் என்பது உங்கள் விஷயம். அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை.

என் விஷயம் ஒன்று இருக்கிறது. கேக் கடை வேலையை விட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி பூட்டிக் கிடந்தது. செங்கல் அடுப்பு, புகைபோக்கி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வீட்டுக்கார அம்மா, மழைக்காலம் முடியும் வரை நடத்திப் பார், சரிவந்தால் தொடர்ந்து வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்திருக்கிறார். முட்டை, பால், எள், கசகசா, வெண்ணெய் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன்.

ஆனால் மாவு எனக்கு வரவில்லை. நீட்டினால் கிழிகிறது. என் பன் வெளியே தங்கம், உள்ளே கல். நேற்று ஒருத்தர் வாங்கிப் போனார், பார்த்ததும் ஆசையாக இரண்டு வாங்கினார். இன்றைக்குக் கடையைத் தாண்டி எதிர்ப்பக்கமாகப் போனார். உங்கள் மாவு மேஜையில் என்னைக் கை வைக்க விட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். எப்படி என்று எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 11

மருமகளுக்கு,

எழுதிப் பார்த்தேன். கை செய்யுறதைப் பேனா செய்ய மாட்டேங்குது. தண்ணி எவ்வளவுன்னு எழுதினா, அது மழை நாளா வெயில் நாளான்னு எழுத வேண்டியிருக்கு. எவ்வளவு நேரம் பிசையணும்னு எழுதினா, எனக்கே தெரியல. நான் கடிகாரம் பார்த்ததில்ல.

ஒண்ணு மட்டும் நிச்சயமா சொல்ல முடியும். கையில ஒட்டுதேன்னு மேலே மேலே காஞ்ச மாவைத் தூவுறே. அதான் கல்லு. தூவாதே. மூடி வச்சுட்டு வேற வேலையைப் பாரு. திரும்பி வந்தா அதுவே அடங்கியிருக்கும். அப்புறம் பிசை. கொஞ்சம் பிச்சு ரெண்டு கையாலயும் இழுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடி. அந்தப் பக்கம் விரல் நிழல் தெரியணும், ஆனா கிழியக் கூடாது. தெரிஞ்சா போதும். அதுவரைக்கும் விடாதே.

இங்கே நடந்ததைச் சொல்றேன். அவன் கடைக்கு இறங்கி வர ஆரம்பிச்சான். முட்டை தடவுற வேலையைக் கொடுத்தேன். சீக்கிரம் நிறம் வரட்டும்னு முட்டையில சர்க்கரையை அள்ளிப் போட்டுட்டான். உள்ளே வேகுறதுக்குள்ள மேலே கரிக்கட்டை. பரவாயில்ல, பழகட்டும்னு விட்டேன்.

நான் இப்பல்லாம் அடுப்புக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிக்கிறேன். தட்டுல என்ன நடக்குதுன்னு தெரியணுமில்ல. அதனால முன்னாடி யார் என்ன பேசுறாங்கன்னும் தெரியுது. காது கேக்காட்டியும் வாய் அசையுறது தெரியும். கேன்டீன்காரர், தையல்கடைக்காரம்மா, இன்னும் நாலு பேர் நிக்கிறாங்க. உன்னை எங்கேன்னு தையல்கடைக்காரம்மா அவன்கிட்ட கேட்டாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே, கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னான்.

"அவ போகல. நீதான் போனே"ன்னேன்.

எனக்கு என் குரல் எவ்வளவு சத்தம்னு தெரியாது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், அதனால சத்தமாத்தான் வந்திருக்கணும். அவன் மாடிக்குப் போயிட்டான். நான் தையல்கடைக்காரம்மாவுக்குப் பன்னைக் கட்டிக் கொடுத்தேன்.

மாமா


ஜூன் 24

மாமாவுக்கு,

விரல் நிழல் தெரிந்தது. நான்காவது முறைதான் தெரிந்தது. பாப்பாவைக் கூப்பிட்டு மறுபக்கம் விரல் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். அன்றைய பன் கல் இல்லை. பஞ்சும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று. ஒரு தட்டு சரியாக வந்தால் அடுத்தது வராமல் போகிறது. பன்னின் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் உள்ளே என்ன என்று மறுநாள் வந்து சொல்வதில்லை, வராமலே இருந்துவிடுகிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நான் தேறுவேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

கடையில் நீங்கள் சொன்னதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அக்கா எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் இருவரும் குடித்தோம்.

ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே வந்து மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா? வந்து காட்டிக்கொடுத்துவிட்டுப் போவதைச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அடுப்புக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஜன்னல் கிழக்குப் பார்த்தது. வெள்ளை அடித்தாகிவிட்டது. மாவு மேஜை உங்களுடையது, நான் கேட்காமல் கை வைக்கமாட்டேன். தட்டுக்கு வந்தபின் அது என்னுடையது. இரண்டாவது தடவை தடவி முடியும்வரை நீங்கள் கையை நீட்டக் கூடாது. உங்கள் மகனைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அவர் இங்கே வரக் கூடாது. பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்றால் அக்கா வீட்டில் பார்க்கட்டும். பொறுத்துப் போ என்ற வார்த்தையை இந்தக் கடையில் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது.

மரியாதை இல்லாமல் எழுதுவதாக நினைக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

பாப்பாவின் அம்மா


ஜூலை 6

மருமகளுக்கு,

நீ எழுதினதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல. கை நீட்டக் கூடாதுங்கிறதுதான் கஷ்டம். பழக்கதோஷம். பார்க்கலாம்.

கடையை அவனே நடத்தட்டும்னு விட்டுட்டேன். பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல. பூட்டிப் போட்டா அடுப்பு விரிசல் விட்டுடும், கேன்டீனுக்கும் பன் போகணும். என்கிட்ட முன்னாடி வேலை பார்த்தவரை மாவுக்கு ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டேன். தையல்கடைக்காரம்மாவோட கிண்ணத்தை அவன் கையில கொடுத்து, இதுல முட்டை பட்டா நான் அங்கேருந்து கிளம்பி வருவேன்னு சொல்லியிருக்கேன். பார்த்துக்குவான். இல்லேன்னாலும் அவங்களே பார்த்துக்குவாங்க, வாய் இருக்கு.

நீ எனக்கு எழுதின லெட்டர்லாம் வேணும்னு கேட்டான், தடவுற விஷயத்துக்கு. அது எனக்கு எழுதினது, உனக்கு வேணும்னா நீயே அவளுக்கு எழுதிக் கேட்டு வாங்கிக்கோன்னேன். அதுக்கப்புறம் அவன் கேக்கல.

நேத்து பெட்டி கட்டும்போது வந்து வாசல்ல நின்னான். எனக்குப் புரியணும்னு மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா கேட்டான். "என்னை விட்டுட்டு அவகூட போறீங்களா?"

வேலைக்குப் போறேன்னேன்.

அவன் பெட்டியோட ஒரு பக்கத்தை அழுத்திப் பிடிச்சான், நான் பூட்டினேன். அவனும் என் புள்ளைதான். அதையும் நீ தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன். உன் நிபந்தனைக்கு விரோதமா எழுதல.

புதன்கிழமை பஸ்ஸுல வர்றேன். வர்ற வழியில நல்ல மாவு கிடைக்கிற மில் ஒண்ணு இருக்கு. பத்து மூட்டை சொல்லட்டுமா, அஞ்சு போதுமான்னு தெரியல. வந்து பேசிக்கலாம்.

மாமா


அக்டோபர் 15, மாவு மேஜை மேல்

மாமா,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. நான் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போகிறேன்.

காலையில் போட்டது எல்லாம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா வந்தார். கசகசா போட்ட பன்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். மேலே நான், உள்ளே என் மாமனார் என்று சொன்னேன். சிரித்தார். அப்போ இது உன் மாமனார் கடையா என்றார். இல்லை, என் கடை, அவர் என்னோடு இருக்கிறார் என்றேன். மழைக்காலம் முடியும்வரை பார்க்க வேண்டாம், சாவியை நானே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பில் காபி இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.


அதே தாளின் கீழே

படிச்சேன். காபி குடிச்சேன்.

நாளைக்கு ரெண்டு தட்டு கூடப் போடலாம்னு நினைக்கிறேன். தடவுறவ நீ. உன்னால முடியும்னு சொன்னாத்தான் மாவை அளப்பேன்.